நீர்மட்டம் பார்த்துத் தானாக ஓடும் மோட்டார்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

எங்கள் வீட்டில் நீர்மட்டத்தைப் பார்த்துத் தானே ஓடி நிற்கும் மோட்டார்கள் மூன்று. போர்வெல்லிலிருந்து சம்ப்புக்கு நீர் எடுக்கும் நீர்மூழ்கி மோட்டார், சம்ப்பிலிருந்து (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி) மேல்தொட்டிக்கு ஏற்றும் மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒன்றாக இருக்கும் வகை), அடித்தளக் குழியில் ஊறிச் சேரும் நீரை வெளியே தள்ளும் சின்ன பம்ப். இந்த வருடங்களில் மிதவை, கம்பி சென்சார், மீயொலி சென்சார் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு தொட்டியில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் வழக்கமாக எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: சென்சார் கெட்டுப்போன அன்றைக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்குமா, நின்றுவிடுமா? இதற்கு விற்பவரிடம் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தப் பெட்டியை நான் வாங்குவதில்லை.

ஏன் என்றால், இந்த அமைப்புகளில் சுவரில் மாட்டியிருக்கும் கண்ட்ரோலர் அவ்வளவு சுலபமாகக் கெடுவதில்லை. கெடுவது நீருக்குள் இருப்பதும், அதிலிருந்து கீழே வரும் ஒயரும்தான். வெயில், ஈரம், உப்பு, எலி எல்லாம் அங்கேதான் வேலையைக் காட்டும்.

மிதவையிலிருந்து தொடங்குகிறேன். நீர்மட்டத்தை மிதவையால் கட்டுப்படுத்துவது மிகப் பழைய யோசனை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிடெசிபியஸ் தன் நீர்க்கடிகாரத்தில் இதைப் பயன்படுத்தினார். 1765-இல் ரஷ்யாவின் இவான் போல்சுனோவ், நீராவி எந்திரத்தின் கொதிகலனில் நீர்மட்டத்தைக் காக்க ஒரு மிதவையை வைத்தார். இன்று கடையில் கிடைக்கும் கேபிள் மிதவைக்குள் ஒரு சின்ன சுவிட்சும், உருண்டு அதை அழுத்தும் இரும்புக் குண்டும் இருக்கும். பழைய வகைகளில் குண்டுக்குப் பதில் பாதரசம் இருந்தது. எளிய பொருள் என்பதால் எங்கள் மேல்தொட்டியில் நீண்ட காலம் தொந்தரவே தரவில்லை.

அதிலிருந்து மூன்று ஒயர் வரும். ஒன்று பொது, மற்ற இரண்டில் ஒன்று நிரப்புவதற்கு, ஒன்று காலி செய்வதற்கு. ஒரே மிதவையை மேல்தொட்டிக்கும் போடலாம், குழிக்கும் போடலாம். ஒயரை மாற்றிக் கொடுத்தால் வேலை தலைகீழாகிவிடும். மோட்டார் எந்த மட்டத்தில் ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை, கேபிளைக் கட்டிய இடத்திலிருந்து மிதவை வரை விட்டிருக்கும் நீளம் முடிவு செய்கிறது. நீளம் அதிகமானால் இடைவெளி அதிகம். ஆனால் மிதவை சுற்றிவரும்போது குழாயிலோ தொட்டியின் பந்து வால்விலோ சிக்கிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். மிதவை வைக்குமுன் அதைக் கையால் முழு வட்டத்துக்கும் சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

மிதவை முதலில் கெடும் இடம், கேபிள் உள்ளே நுழையும் கழுத்து. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் மடங்குவது அங்கேதான். நாளடைவில் உறை விறைத்து, விரிசல் விட்டு, நீர் உள்ளே போகும். நீர் புகுந்த மிதவை மிதக்காது, தொங்கும். மேல்தொட்டியில் தொங்கும் மிதவை கண்ட்ரோலரிடம் 'தொட்டி காலி' என்று சொல்லும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழியும். அதே பழுது அடித்தளக் குழியில் வந்தால் கதை வேறு. மிதவை எழும்பாததால் பம்ப் ஓடவே ஓடாது, குழி நிரம்பி அடித்தளம் முழுக்க நீர். ஒரே பழுது, இரண்டு இடத்திலும் சேதம்.

இதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு, இரண்டிலும் இரண்டாவது மிதவை ஒன்றைக் கொஞ்சம் உயரமாக வைத்தது. மேல்தொட்டியில் அது முதல் மிதவையோடு வரிசையாக இணைந்திருக்கிறது. நீர் அந்த உயரத்தைத் தொட்டால் மோட்டாருக்கான சப்ளையே துண்டாகும். குழியில் இருக்கும் இரண்டாவது மிதவை, பேட்டரியில் ஓடும் ஒரு பஸ்ஸரை அடிக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் அடித்தளத்துக்கு ஆபத்து அதிகம் என்பதால் பேட்டரி கட்டாயம் வேண்டும். மொத்தச் செலவில் இது சின்னத் தொகை. மூன்று மோட்டாரிலும் செய்த மாற்றங்களில் அதிக நிம்மதி தந்தது இதுதான்.

அப்புறம், மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை நேராக மிதவை வழியாகக் கொண்டுபோகும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு கரண்ட் இழுக்கும். அதை அந்தச் சின்ன சுவிட்ச் தினமும் தாங்கினால் அதன் முனைகள் கருகிவிடும். அதைவிடப் பெரிய கவலை, உறை விரிந்தால் வீட்டு மின்சாரம் குடிக்கிற, குளிக்கிற நீரில் இறங்கும். மிதவையில் 12 வோல்ட் மட்டும் போக வேண்டும், மோட்டாரை ஒரு காண்டாக்டர் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) போடட்டும். கூடவே, கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும், 30 மில்லிஆம்பியரில் விழுவதாக, இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடுத்தது கம்பி சென்சார். பொதுக் கம்பி ஒன்று, கீழ்மட்டத்துக்கு ஒன்று, மேல்மட்டத்துக்கு ஒன்று. நீர் தொட்டால் மின்சுற்று சேரும். அசையும் பாகம் எதுவும் இல்லை, தொங்கவிட்டால் முடிந்தது. சிக்கல், நீரும் மின்சாரமும் சேர்ந்தால் நடக்கும் வேதியியல். கம்பிகளுக்கு ஒரே திசையில் நேர்மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், நேர்முனையில் இருக்கும் கம்பி மெதுவாக அரிக்கப்படும். எவர்சில்வர் கம்பியானாலும் இதே நிலைதான். திசை மாறி மாறிப் போகும் மின்சாரத்தை, அதுவும் விட்டு விட்டுச் செலுத்தும் கண்ட்ரோலரில் இந்த அரிப்பு வெகுவாகக் குறையும். நாங்கள் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதல்ல. கம்பியின் நுனி பென்சில் முனை போலத் தேய்ந்திருந்ததைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கம்பிக்குப் போவது திசை மாறும் மின்சாரமா என்பதுதான் விற்பவரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி.

உப்பு அதிகமான நீரில் இன்னொரு தொல்லை சேரும். கம்பிகளின் மேல் வெள்ளைப் படிவு ஏறி, நீர் தொட்டும் தொடாதது போலக் காட்டும். சில சமயம் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கியில் ஈரமும் உப்பும் சேர்ந்து ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டுவிடும். தொட்டி காலியாக இருக்கும், கண்ட்ரோலரில் 'நிறைந்தது' விளக்கு எரியும். சிட்ரிக் அமிலக் கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் துடைத்தால் படிவு போய்விடும். அதே நேரம், ஆர்.ஓ. வடிகட்டியில் வரும் நீரைச் சேர்க்கும் தொட்டிக்கு இந்த வகையை நம்ப முடியாது. உப்பு மிகக் குறைந்த நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது.

இங்கேயும் அதே கேள்விக்கு வருவோம். ஒயர் அறுந்தால் கம்பி சென்சார் 'நீர் இல்லை' என்றுதான் சொல்லும். சம்ப்பின் அடிமட்டக் கம்பி அப்படிச் சொன்னால் மேலே ஏற்றும் மோட்டார் நிற்கும், யாருக்கும் கேடில்லை. மேல்தொட்டியின் மேல்மட்டக் கம்பி அப்படிச் சொன்னால் நீர் வழிந்தாலும் மோட்டார் நிற்காது. அதனால் மேல்தொட்டிக்கு நேர வரம்பு இல்லாத கண்ட்ரோலரை இப்போது யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. கணக்கு சுலபம். 1000 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டார் என்றால் நிறைய ஏறக்குறைய 33 நிமிடம். வரம்பை 45 நிமிடத்தில் வைத்துவிட்டால், சென்சார் என்ன சொன்னாலும் அதற்கு மேல் ஓடாது.

மீயொலி சென்சாரை இப்போது மேல்தொட்டியில் வைத்திருக்கிறேன். மூடியிலிருந்து கீழ்நோக்கி ஒலி அனுப்பி, எதிரொலி திரும்ப வரும் நேரத்தை அளக்கிறது. நீரைத் தொடுவதே இல்லை, அதனால் உப்பு, அரிப்பு எதுவும் கிடையாது. தொட்டியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்றும் காட்டும். ஆனால் 'நீரைத் தொடாததால் பராமரிப்பே இல்லை' என்று சொல்லி விற்கிறார்கள், அது சரியில்லை. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் அது நொடிக்கு 0.6 மீட்டர் அளவில் கூடும். வெயிலில் காயும் தொட்டிக்குள் காற்றின் வெப்பம் 20 டிகிரி ஏறினால், 1 மீட்டர் தூரத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் பிழை வரும். வெப்பநிலையையும் சேர்த்து அளக்கும் சென்சாரில் இந்தப் பிழை இராது. விலை குறைந்த வகைகளில் சென்சாரின் முகத்துக்கு மிக அருகே, சுமார் 20 சென்டிமீட்டர் வரை, அதற்குக் கண் தெரியாது. அதனால் நீர் ஏறக்கூடிய உச்சத்துக்கு மேல் அத்தனை இடம் விட்டுத்தான் பொருத்த வேண்டும். இரவில் மூடியின் அடியில் நீராவி துளியாகப் படியும், சிலந்தி வலை பின்னும். இரண்டுமே அளவைக் குழப்பும்.

எங்களிடம் முதலில் இருந்த மீயொலிக் கருவி, எதிரொலி கிடைக்காதபோது கடைசியாகப் பார்த்த அளவையே காட்டிக்கொண்டிருந்தது. பழுது என்று ஒரு விளக்குகூட எரியவில்லை. பார்க்கிறவருக்குத் தொட்டி பாதி நிறைந்தது போலவே தெரியும். இந்த வகைப் பழுதை நான் மிக மோசமானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் பொய்யான ஓர் எண் உண்மை போலவே இருக்கிறது. இப்போதுள்ள கருவி அளவு வரவில்லையென்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சத்தம் போடும். இன்னொன்றும் செய்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கி சில நிமிடத்தில் மட்டம் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடும். ஏர் பிடித்திருக்கலாம், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசியலாம், குழாய் விட்டிருக்கலாம், சம்ப் காலியாகியிருக்கலாம். காரணம் எதுவானாலும் மோட்டார் தப்பிக்கிறது. மீயொலி வகைக்கு அதிக விலை கொடுக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு வசதிக்காகத்தான்.

நீர் இல்லாமல் ஓடுவதால் கெடும் மோட்டார்கள் எத்தனையோ. மோட்டாருக்குள் நீர் கசியாமல் அடைக்கும் 'சீல்' நனைந்து குளிர்வது அது ஏற்றும் நீரால்தான். நீர் போனால் உரசி, சூடேறி, சீல் போய்விடும். சம்ப்பில் அடிமட்டத்துக்கு ஒரு சென்சார் போதும். போர்வெல்லில் ஆழத்துக்குக் கம்பி இறக்குவதைவிட, மோட்டார் இழுக்கும் கரண்ட்டைப் பார்த்து நிறுத்தும் வகை எங்களுக்கு நன்றாக உழைக்கிறது. நீர் இல்லாதபோது சுமை குறையும், கரண்ட்டும் குறையும். அதைக் கண்டதும் நிறுத்தி, ஊற்று ஊறுவதற்கு நேரம் கொடுத்துப் பிறகு மறுபடி முயலும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் கரண்ட்டும் மாறும் என்பதால், அளவை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

அடித்தளக் குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பம்ப் சீக்கிரம் போகும் இடம் அது. குழி சிறியதாக இருந்து, ஓடும் மட்டமும் நிற்கும் மட்டமும் நெருக்கமாக இருந்தால் பம்ப் ஓயாமல் கிளம்பி நிற்கும். ஒவ்வொரு கிளம்பலும் மோட்டாரைச் சூடாக்கும். இதற்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு: பம்ப் நிமிடத்துக்குத் தள்ளும் அளவை, ஒரு கிளம்பலுக்கும் அடுத்ததற்கும் இடையே வேண்டிய நிமிடங்களால் பெருக்கி 4-ஆல் வகுத்தால், இரு மட்டங்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய நீரின் அளவு கிடைக்கும். 120 லிட்டர் தள்ளும் பம்ப், மணிக்கு 10 கிளம்பலுக்கு மேல் கூடாது என்றால் 6 நிமிட இடைவெளி. 120-ஐ 6-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க, 180 லிட்டர். பம்பின் திறனில் பாதி வேகத்தில் நீர் வந்துகொண்டிருக்கும்போதுதான் கிளம்பல்கள் மிக அதிகம். அந்த நிலையில் நிரம்ப 3 நிமிடம், காலியாக 3 நிமிடம் என்று கணக்கு சரியாகப் பொருந்தும். வெளிக்குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லையென்றால் இதெல்லாம் வீண். பம்ப் நின்றதும் குழாயில் இருந்த நீர் திரும்பக் குழிக்குள் விழுந்து அதை மறுபடி கிளப்பிவிடும்.

காண்டாக்டர் பற்றியும் ஒன்று. மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் அதன் மின்காந்தச் சுருள் முழுசாக இழுக்க முடியாமல் தடதடவென்று அடிக்கும், முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். அப்போது கண்ட்ரோலர் 'நிறுத்து' என்றாலும் மோட்டார் ஓடும், நேர வரம்பும் உதவாது. குறைந்த மின்னழுத்தத்தில் போடாமல் தடுக்கும் வசதியும், கரண்ட் திரும்பிய பிறகு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்கும் வசதியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மேல்தொட்டியின் வழிவு குழாய் அடைப்பில்லாமல், வழிந்தால் கண்ணில் படும் இடத்தில் விழட்டும்.

வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்தும் விதமும் கவனிக்க வேண்டியது. ஆட்டோ, கை இயக்கம் என்று மாற்றும் சுவிட்ச் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆனால் கை இயக்கத்திலும் நீரில்லா ஓட்டத்திலிருந்து பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் வைத்திருந்த ஒரு கண்ட்ரோலரில் கை இயக்கத்துக்கு மாற்றினால் எல்லாப் பாதுகாப்பும் விலகிவிடும். அவசரத்தில் போட்டுவிட்டு மறக்கக்கூடிய இயக்கமே அதுதான்.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, தொட்டி கழுவும் நாளிலேயே எல்லாவற்றையும் சோதித்துவிடுகிறேன். மேல்தொட்டி மிதவையைக் கையால் தூக்கி மோட்டார் நிற்கிறதா என்று பார்ப்பேன். பிறகு மோட்டார் ஓடும்போதே சென்சார் ஒயரைக் கழற்றி, கண்ட்ரோலர் என்ன செய்கிறது என்று கவனிப்பேன். 12 வோல்ட் என்பதால் தைரியமாகக் கழற்றலாம். குழியில் ஒரு குடம் நீர் ஊற்றி இரண்டாவது மிதவையைத் தூக்கி பஸ்ஸரை அடிக்கவிட்டு, அதன் பேட்டரியையும் அன்றே மாற்றிவிடுவேன். புதிதாக வாங்குபவர்கள் பொருத்திய அன்றைக்கே, எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்னால், ஒயரைக் கழற்றும் அந்தச் சோதனையை அவர் கையாலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.