செஸ்னா 140, நாலு வருஷத்துக்கு அப்புறம் (முக்கால்வாசி பிளக் புலம்பல்)

ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "மச்சி, ஒரு செஸ்னா 140 குட்டி பிளேன் விலை குறைச்சு போட்டிருக்கான், வாங்கலாமா?"ன்னு. நேத்து ராத்திரி பத்து மணி வரைக்கும் பிளேன் நிறுத்தற ஹேங்கர்ல உக்காந்து ஸ்பார்க் பிளக் நோண்டிட்டு வந்த கடுப்புல எழுதறேன், கோவத்த கழிச்சுட்டு படிச்சுக்கோ.

என்னோடது 1946 மாடல். 85 குதிரைசக்தி, ரெண்டு சீட்டு, வால் சக்கரம், றெக்கைல துணி, இதெல்லாம் உனக்கே தெரியும். பிளக்குக்கு வர்றேன். இந்த சி-85 இன்ஜின் 73 ஆக்டேன் பெட்ரோல் குடிச்சு வளந்தது, இப்ப ஏர்போர்ட்ல பெரும்பாலும் கெடைக்கறது 100 எல்எல் பெட்ரோல் தான். லோ லெட், அதாவது ஈயம் கம்மினு பேரு, ஆனா கேலனுக்கு 2 கிராம் வரைக்கும் ஈயம் இருக்கலாம், அந்தக் காலத்து 80 ஆக்டேன்ல அரை கிராம் தான் இருந்துச்சு. அந்த ஈயம் முழுசா எரிஞ்சு வெளிய போகாம கீழ் பிளக் நாலுலயும் கடுகு சைஸ்ல சாம்பல் கலர் உருண்டையா உக்காந்துக்கும். ஊசி மாதிரி ஒண்ண வச்சு ஒவ்வொண்ணா நெம்பி எடுக்கணும். நல்லவேளை, பிளக் க்ளீனிங் பைலட்டே பண்ணிக்கலாம்னு ரூல் இருக்கு, இல்லன்னா மெக்கானிக் பில்லுலயே சொத்து போயிருக்கும். மிக்ஸ்ச்சர்ல, அதாவது காத்தோட கலக்கற பெட்ரோல குறைச்சு வச்சா ஈயம் கம்மியா சேரும்னு எல்லாரும் சொல்றாங்க, என் கார்புரேட்டர்ல அந்த லிவர் பேருக்குதான் இருக்கு.

டெக்சாஸ்ல இருந்து விஸ்கான்சின்ல நடக்கற ஆஷ்காஷ் ஏர் ஷோவுக்கு ரெண்டு தடவ போயிருக்கேன். ஃபிஸ்க்ங்கற ஊர் வழியா வரும்போது 90 நாட் வேகத்துல (மணிக்கு 167 கிலோமீட்டர்) ரயில் பாதைய புடிச்சு வரிசையா வரணும், எனக்கு அதுதான் கிட்டத்தட்ட ஃபுல் ஸ்பீடு, பின்னாடி வேகமான பொனான்சா பிளேன்ல வந்தவன் ஸ்பீட கொறைக்க சக்கரத்த இறக்கி தவிச்சிட்டிருந்தான், பாவம். திரும்பி கெளம்பற அன்னைக்குதான் மானம் போச்சு. புல்வெளில இன்ஜின மெதுவா ஓடவிட்டே ஊர்ந்து ஊர்ந்து வந்ததுல பிளக்ல ஈயம் சேந்துடுச்சு, பிளக்குக்கு கரண்ட் குடுக்கற மேக்னெட்டோவ செக் பண்ணா இன்ஜின் மாட்டு வண்டி மாதிரி குலுங்குது, பின்னாடி பெரிய கியூ. ஓரங்கட்டி, த்ராட்டில ஏத்தி, எரிச்சு எடுத்துட்டு போகவே ரொம்ப நேரம் ஆச்சு.

எதிர்காத்து அடிச்சா கீழ ஐ-35 ஹைவேல லாரி நம்மள முந்தும், சிரிக்காத.

ஆனா ஒண்ணு சொல்லணும். டேங்க் சின்னது, மூணு, மூணரை மணி நேரத்துக்கு ஒருக்கா எறங்கியே ஆகணும், அத குறையா நெனச்சுதான் வாங்கினேன். கான்சாஸ்ல ஒரு குட்டி ஏர்போர்ட், ஒரு ஆள் இல்ல, மேஜைல ஒரு நோட்டு, பக்கத்துல கார் சாவி. பழைய போலீஸ் கார், கதவுல அழிச்ச எழுத்து இன்னும் தெரியுது. நோட்டுல பேர் எழுதிட்டு எடுத்துட்டுப் போய் சாப்பிட்டுட்டு, கொஞ்சம் பெட்ரோல் போட்டு திரும்ப நிறுத்தணும், அவ்ளோதான். எனக்கு முன்னாடி ஒருத்தர் எழுதினது மூணு நாள் முந்தின தேதி! வேகமான பிளேன்ல போறவன் இந்த ஊர் மேல பறந்து போயிருப்பான், எறங்கியிருக்க மாட்டான்.

சரி, உன் கேள்விக்கு பதில்: வாங்காத. நாலு சீட்டு செஸ்னா 172 வாங்கு, பொண்டாட்டி புள்ளையோட போகலாம்.

கேக்க மாட்டேன்னா, போனதும் கீழ் பிளக்க கழட்டச் சொல்லு. பளபளன்னு இருந்தா, அவன் ஓட்டாமலே நிறுத்தி வச்சிருக்கானோன்னு லாக்புக்க நல்லா பாரு, உள்ள துரு இருக்கலாம். ஈயம் அப்பியிருந்தா எனக்கு போன் போடு, சனிக்கிழமை நானும் வர்றேன்.