வார்ஃப்ரேம்: காசு கட்டாதவனையும் மதிக்கும் ஆட்டம்

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப்பைச் சரிசெய்து வாங்கிப் போகும்போது, "அண்ணே, காசு கட்டாம ஆடுற மாதிரி நல்ல கேம் ஒண்ணு ஏத்திக் குடுங்க" என்று கேட்காத காலேஜ் பையன் கிடையாது. நான் ஏற்றிக் கொடுப்பது வார்ஃப்ரேம். கடை அடைத்த பிறகு நானும் ஆடுவது இதுதான்.

கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் 2013-ல் கொண்டுவந்த ஆட்டம். விண்வெளி, வாள், துப்பாக்கி, நான்கு பேர் சேர்ந்து சண்டை. பிளேஸ்டேஷனில் ஆட, இணையத்தில் சேர்ந்து ஆடுவதற்குக் கட்டும் பிளஸ் சந்தாகூட வேண்டியதில்லை.

இலவசம் என்று போட்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது, காசு எதற்குக் கேட்கிறார்கள் என்பதைத்தான். டோட்டா 2 என்ற இலவச ஆட்டத்தில் எல்லா நாயகர்களும் சும்மாவே கிடைப்பார்கள். காசு பெரும்பாலும் உடுப்பு, அலங்காரத்துக்கு. கென்ஷின் இம்பாக்ட் என்ற இன்னொரு இலவச ஆட்டத்தில், புது ஆள் கிடைக்கக் குலுக்கல். ஒரு இழுப்புக்கு அந்த ஆட்டத்து நாணயமான பிரைமோஜெம் 160. 90 இழுப்புக்குள் ஐந்து நட்சத்திர ஆள் வந்தே தீருவார், ஆனால் நாம் கேட்ட ஆள்தான் வருவாரா என்பது அப்போதும் நிச்சயமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

வார்ஃப்ரேமில் காசு பெரும்பாலும் நேரத்தைத்தான் வாங்கும். நாம் அணிந்து ஆடும் கவசங்களில் ரைனோ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீனஸில் ஜாக்கால் என்ற நாலுகால் இயந்திரத்தை வீழ்த்தினால் பாகங்களின் வரைபடம் ஒவ்வொன்றாக விழும். பட்டறையில் ஒரு பாகத்துக்கு 12 மணி நேரம், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட 72 மணி நேரம். காசு கட்டி வாங்கும் ஆட்டத்து நாணயமான பிளாட்டினம் கொடுத்தால் உடனே முடியும். கொடுக்காவிட்டால் மூன்று, மூன்றரை நாள் கழித்து அதே ரைனோ, ஒரு குறையும் இல்லாமல். நாற்று விட்டுக் காத்திருக்கும் ஊர்க்காரனுக்கு மூன்று நாளெல்லாம் ஒரு பொருட்டா?

அந்தப் பிளாட்டினத்தையும் ஆடியே சம்பாதிக்கலாம். ஆடும்போது கிடைக்கும் ரெலிக் என்ற பரிசுப் பேழை ஒன்றில், விழக்கூடிய பொருள் ஆறு இருக்கும்: வெண்கலம் மூன்று, வெள்ளி இரண்டு, தங்கம் ஒன்று. திறந்தால் அதில் ஒன்றுதான் விழும். நான்கு பேரும் ஆளுக்கொன்று திறந்தால், விழுந்த நான்கில் பிடித்ததை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து ஆளுக்குத் தங்கம் விழுந்தால் எனக்கும் அதே தங்கம்! இதை முதலில் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். அப்புறம் அதை இன்னொரு ஆட்டக்காரருக்குப் பிளாட்டினத்துக்கு விற்கலாம். நீடாமங்கலத்தில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் இப்படித்தான் ஆடுகிறான்.

இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள்மேல் எனக்கு மதிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. குப்ரோ என்ற வளர்ப்பு நாயின் நிறத்தை மாற்ற, காசு கொடுத்து அமுக்கும் பட்டன் ஒன்று வைத்திருந்தார்கள். என்ன நிறம் வரும் என்று சொல்ல முடியாது. ஒருவர் 200 தடவை அமுக்கியிருப்பது தெரிந்ததும், சூதாட்ட இயந்திரத்தையே செய்துவிட்டோமே என்று பதறி அதை எடுத்துவிட்டார்கள். வருமானம் கொட்டும் பட்டனை எடுக்க எத்தனை பேர் துணிவார்கள்?

குறை இல்லாமல் இல்லை. புதிதாக வருபவருக்கு எங்கே போவது, எதைச் செய்வது என்று பிடிபடவே நாளாகும். சண்டை ஓடுவது நால்வரில் ஒருவருடைய கணினியில். ஐப்பசி மழையில் கரண்ட் போய் அவர் இணைப்பு அறுந்தால், மற்ற மூவரும் ஆட்டம் வேறு கணினிக்கு மாறும்வரை நிற்க வேண்டும்.

பெரிய குறை, இடம். தொடக்கத்தில் இரண்டு கவசத்துக்குத்தான் இடம். அடுத்த ஒவ்வொன்றுக்கும் 20 பிளாட்டினம். உழைத்துக் கட்டிய கவசத்தை வைக்க இடமில்லாமல் பழையதை விற்கச் சொல்வது நியாயமே இல்லை. இன்னும் இரண்டு இடமாவது சும்மா தரலாம்.

அதுவரை, கணக்குத் தொடங்கியதும் கிடைக்கும் 50 பிளாட்டினத்தைத் துப்பாக்கிக்கோ அவசரக் கட்டுமானத்துக்கோ தொடாதீர்கள். இரண்டு கவச இடம் வாங்கிவிடுங்கள். பிசியில் காசு போட்டே ஆக வேண்டுமென்றால், தினப்பரிசில் எப்போதாவது வரும் 75 சதவீதத் தள்ளுபடி கூப்பன் வரட்டும்.