முகத்து முடிக்கு ஐபிஎல்லா, டயோடா, என்டி யாகா?

என் தாடைக்குக் கீழே ஏழு மாதம் ஒரு கறுப்புச் செவ்வகம் இருந்தது. தீப்பெட்டியில் உரசும் பக்கம் இருக்குமே, அந்த அளவு, அந்த வடிவம். தானாக வரும் எந்தக் கரும்படைக்கும் இப்படி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி விளிம்பு இருக்காது. முடியை நீக்க ஒளி பாய்ச்சும் ஐபிஎல் கருவியின் முனை பட்ட தடம் அது. பக்கத்துத் தெரு பார்லர் ஒன்றில் ‘லேசர்’ என்று சொல்லி, ஆஃபர் விலையில் செய்தார்கள். ஐபிஎல் என்பது லேசரே இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதனால், இந்தச் சிகிச்சைக்குப் போக நினைப்பவர்களுக்காக மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் முதலில் என்டி யாக் லேசர், அடுத்து டயோடு லேசர். ஐபிஎல் பக்கம் போக வேண்டாம்.

மூன்றும் செய்வது ஒரே வேலைதான். முடியில் இருக்கும் மெலனின் என்ற நிறமி ஒளியை வாங்கிச் சூடாகிறது, அந்தச் சூட்டில் வேர் கருகுகிறது. சிக்கல் எங்கே என்றால், அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. முடி எது, தோல் எது என்று ஒளிக்குத் தெரியாது. அலைநீளம் கூடக் கூட மெலனின் ஒளியை வாங்குவது குறையும், அதனால் மேல்தோல் தப்பிக்கும். ஐபிஎல்லில் சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை எல்லாம் கலந்த வெளிச்சம் வருகிறது. ஃபில்டர் போட்டு அலைநீளம் குறைந்த பகுதியைத் தடுக்கலாம், ஆனால் அதற்குக் கை தேர்ந்தவர் வேண்டும். டயோடு லேசர் பெரும்பாலும் 800, 810 அளவில் நிற்கும். என்டி யாக் 1064. தோல் டாக்டர்கள் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் தோலை ஒன்று முதல் ஆறு வரை பிரிப்பார்கள்; ஒன்று மிக வெளுப்பு, ஆறு மிகக் கறுப்பு. நம்மில் பெரும்பாலோர் நாலு, ஐந்து. ஆறும் உண்டு. இந்த எண்ணுக்கு 1064தான் பாதுகாப்பான இடம்.

என்டி யாக்குக்கும் குறை உண்டு. வலி அதிகம். ரப்பர் பேண்டை இழுத்துச் சூடாக விட்ட மாதிரி ஒவ்வொரு முறையும் சுளீர் என்கும். பூனைமுடியில் அவ்வளவாக வேலை செய்யாது. டயோடு அந்த வகையில் கொஞ்சம் தேவலை. முனையிலேயே குளிரூட்டும் வசதி உள்ள கருவி என்றால் நாலாம் வகைத் தோலுக்குத் தாராளமாகப் போகலாம். தாடையில் வரும் தடித்த கறுப்பு முடி இரண்டுக்கும் மசியும். நரைத்த முடிக்கு மூன்றுமே உதவாது, அதில் நிறமி இல்லை.

முன்தயாரிப்பு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், நாம் அதிகம் கோட்டை விடுவதும் இங்கேதான். நாலு வாரத்துக்கு த்ரெட்டிங், வேக்ஸிங், பிடுங்குவது எதுவும் கூடாது. வேரோடு போய்விட்டால் ஒளி எதைப் போய்ச் சுடும்? அந்த நாலு வாரம் கஷ்டம்தான், பஸ்ஸில் எதிரே உட்காருபவர் தாடையைப் பார்ப்பது போலவே இருக்கும். ஷேவ் செய்துகொள்ளுங்கள். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்று அத்தை சித்தி எல்லாரும் சொல்வார்கள், அது உண்மை இல்லை. முந்தின நாளும் ஷேவ் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வெயில் அடுத்தது. புதிதாகக் கறுத்த தோலில் மெலனின் இன்னும் கூடுதல், சூடும் கூடுதல். ஐபிஎல்லுக்கு இது பெரிய ஆபத்து, என்டி யாக்குக்குக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மூன்று நாலு வாரம் முன்னாலிருந்தே சன்ஸ்கிரீன் போட்டுப் பழகுங்கள். பருவுக்கு டிரெட்டினாயின், அடாப்பலீன் பூசுகிறவர்கள் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மஞ்சள், சந்தனம், பவுடர் எதுவும் முகத்தில் ஒட்டியிருக்கக் கூடாது.

மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே அள்ளிப் பூசிப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். அதிலுள்ள மருந்து ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தானது உண்டு. அங்கே போன பிறகு அவர்கள் கணக்கில் பூசட்டும்.

தேறும் காலத்தில்தான் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியும். பிறகு நான் டாக்டரிடம் என்டி யாக் செய்துகொண்டேன், முடிந்ததும் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் புல்லரித்த மாதிரி சின்ன மேடு எழும்பியது. பயந்துவிட்டேன். வேரில் சூடு பிடித்ததன் அடையாளம் அதுதான் என்றார் டாக்டர். மறுநாள் காலை அடங்கிவிட்டது. ஐபிஎல்லில் எனக்கு மேடு எழும்பவில்லை. தோல் முழுக்க ஒரே சிவப்பு, ராத்திரி வரை எரிச்சல், மூன்றாம் நாள் மெல்லிய பொருக்கு. அதை நகத்தால் உரித்தது என் தவறு, அதனாலேயே கறுப்பு ஆழமாயிற்று.

முதல் இரண்டு நாள் வெந்நீர், ஜிம், ஸ்க்ரப் வேண்டாம். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் போதும். கொப்புளமோ பொருக்கோ வந்தால் கை வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முடி வளர்வது போலத் தெரியும். அது கருகிய முடி வெளியே வருவது, தானே உதிரும்.

வீட்டில் வைத்துச் செய்யும் கருவிகளும் பெரும்பாலும் ஐபிஎல்தான். பெட்டியில் இருக்கும் நிற அட்டவணையைப் பார்த்தாலே ஆழ்ந்த கறுப்புத் தோலுக்கு வேண்டாம் என்று இருக்கும். அதை நம்புங்கள்.

பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் புதுமுடி வந்துகொண்டே இருக்கும். சிலருக்குத் தாடையிலும் கழுத்திலும் ஒளி பட்ட இடத்தைச் சுற்றிப் பூனைமுடி தடித்து வளர்வதும் உண்டு. எந்தக் கருவியாலும் இது வரலாம், என்டி யாக்கில் குறைவு. ‘நிரந்தரமாகப் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தரமாகக் குறையும், அவ்வளவே.

பணம் கட்டும் முன் கருவி எது, அலைநீளம் எத்தனை, செய்வது யார் என்று கேளுங்கள். காதுக்குக் கீழே சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். கல்யாணத்துக்காக என்றால் முகூர்த்தத்துக்குக் குறைந்தது ஒன்பது மாதம் முன்பே தொடங்குங்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று என்று ஆறு, எட்டு சிட்டிங் ஆகும். முகூர்த்தத்துக்கு முந்தின ஒரு மாதம் முகத்தில் எந்தக் கருவியின் ஒளியும் படாமல் விட்டுவிடுங்கள்.