முக்கால் சுற்று

கீழக்கரை நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "மச்சான், உன் வண்டி மாதிரியே ஒன்று கோயம்புத்தூரில் விலைக்கு வந்திருக்கிறது. முதலில் சொன்ன விலையிலிருந்து இரண்டு லட்சம் இறங்கிவிட்டார்கள். வாங்கலாமா?"

உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் என்ஜின், இருக்கை, மைலேஜ் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆயில் ஃபில்டர்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

வண்டி எதுவென்று நண்பருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இது போதும்: 2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 6 கியர், வேகத்தடையைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும் தாழ்ந்த உயரம். இன்னொருவர் ஓட்டிய வண்டியாகத்தான் வாங்கினேன். என் கையில் 6 வருடம்; மொத்தம் 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன். ஏர்வாடியைத் தாண்டிச் சாயல்குடி நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முன்னால் ஒரு உப்பு லாரி ஆடி அசைந்து போகிறது என்று வையுங்கள். எதிரே ஆள் இல்லை. மூன்றாவது கியருக்கு இறக்கிக் காலை அழுத்தினால், லாரி பின்கண்ணாடியில் சிறு புள்ளியாகிவிடும். 6 வருடம் கழித்தும் அந்த நொடியில் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிரேக்கும் அதே தரம். கருவேலங்காட்டிலிருந்து திடீரென்று சாலைக்கு வரும் ஆட்டு மந்தைகள் அதற்குச் சாட்சி. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு பலமுறை போய்வந்திருக்கிறேன். அங்கே மட்டும் வேகம் காட்டுவதில்லை. காற்று மணலை வாரிச் சாலையில் போட்டு வைத்திருக்கும். எவ்வளவு நல்ல டயரும் மணலில் வழுக்கும்.

இனி ஃபில்டர். என்ஜின் ஆயிலை வடிகட்டும் தகர டப்பா அது; வாயோரம் ரப்பர் வளையத்தோடு என்ஜினில் திருகி மாட்டுவது.

இந்த வண்டியில் அது என்ஜினுக்குக் கீழே, பக்கவாட்டில் படுத்த மாதிரி இருக்கிறது. அடிப்பக்கம் முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் தட்டை 9 திருகு கழற்றி இறக்கினால்தான் கண்ணுக்கே தெரியும். தெரிந்தாலும் கை முழுதாக நுழையாது. ஒரு பக்கம் புகைபோக்கிக் குழாய், மறு பக்கம் இரும்புச் சட்டம். கழற்றும்போது வழியும் ஆயில் நேராகப் புகைபோக்கியின் மேல் விழும். அதன் பிறகு வண்டியைக் கிளப்பினால் பத்து நிமிடம் வடைச் சட்டி தீய்ந்த நாற்றம். இதை வரைந்த பொறியாளர் தன் வாழ்நாளில் ஒருமுறையாவது அந்த ஃபில்டரைத் தானே கழற்றியிருக்க வேண்டும் என்பது என் சாபம்.

கை நுழையாத இடத்தில் என்ன நடக்கும்? மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பார். எல்லாக் கேடும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்று வருடத்துக்கு முன் மதுரையில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் ஆயில் மாற்றினேன். மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நாற்கரச் சாலையில் ஊருக்குத் திரும்பினேன். பார்த்திபனூரைத் தாண்டியதும் ஆயில் நாற்றம் வந்தது. வழக்கமான தீய்ந்த நாற்றம்தானே என்று விட்டுவிட்டேன். பரமக்குடி நெருங்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது, அந்த ஆயில் குடுவைப் படம். அது ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தம் போய்விட்டதைச் சொல்கிறது. எரிந்தால் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஓரம் கட்டி என்ஜினை அணைக்க எனக்குப் பத்துப் பதினைந்து நொடி ஆகியிருக்கும். என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதை எரியாமல் காப்பாற்றுவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அந்தப் பதினைந்து நொடியை நினைத்து ஆறு மாதம் தூக்கம் கெட்டது.

கயிறு கட்டி இழுத்துப் போய்ப் பரமக்குடியில் பார்த்தபோது காரணம் கிடைத்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜின் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதை மாட்டிவிட்டார்கள். ரப்பரின் மேல் ரப்பர். கொஞ்ச தூரம் தாங்கும். பிறகு அழுத்தத்தில் ஒன்று வழுக்கி வெளியே பிதுங்கும். நான்கைந்து லிட்டர் ஆயிலும் சாலைக்குப் போய்விடும். நியாயமாகச் சொன்னால், சர்வீஸ் நிலையத்தார் சண்டை போடவில்லை. மன்னிப்புக் கேட்டார்கள், ஆயில் செலவை ஏற்றார்கள், வண்டியைத் தங்கள் செலவில் எடுத்துப் போனார்கள். அப்படிப்பட்டவர்களிடம் கோபத்தை நீட்டிக்க முடியவில்லை.

ஆனால் அவர்கள் அதற்கு அடுத்த முறை செய்தது முதல் தவற்றைவிட மோசம். இந்த முறை ஒழுகவே கூடாது என்று, பட்டை ஸ்பேனர் போட்டு உயிர் போக முடுக்கியிருக்கிறார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நானும் திருப்தியாக 8,000 கிலோமீட்டர் ஓட்டினேன்.

அடுத்த ஆயிலை நானே மாற்றுவது என்று முடிவு செய்து, வீட்டு வாசலில் வண்டியைச் சாய்வுப் பலகையில் ஏற்றினேன். ஃபில்டர் அசையவில்லை. பட்டை ஸ்பேனர் தகரத்தை நசுக்கியது. ஊர்ப் பழக்கப்படி ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை ஃபில்டருக்குள் அடித்து நெம்பினேன். தகரம் மீன் டப்பா போலக் கிழிந்ததே தவிர, அடித்தட்டு இம்மியும் நகரவில்லை. உப்புக் காற்றில் விளிம்பு வேறு துருப்பிடித்திருந்தது. ஆயிலை இறக்கியாகிவிட்டது, ஃபில்டர் கிழிந்துவிட்டது; வண்டியை இனி எங்கும் ஓட்டிப் போக முடியாது.

அது மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், என்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். மண்டபம் வடகடல் பக்கம் படகு என்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவரை உறவினர் அழைத்து வந்தார். கார் என்றதும் முதலில் தயங்கினார். கீழே குனிந்து பார்த்துவிட்டு, "யார் தம்பி இதைக் கொலை செய்தது?" என்றார். பாதிக் கொலை நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் தகரத்தைத் தொடவே இல்லை. ஒரு மழுங்கிய உளியை அடித்தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்து, கழலும் திசையில் சின்னச் சுத்தியால் தட்டினார். ஓங்கி ஒரு அடி கூட இல்லை. இருபது தட்டு இருக்கும். பிறகு கையாலேயே சுற்றி எடுத்துவிட்டார். ரப்பர் வளையம் அப்பளம் போலத் தட்டையாகி, ஒரு பக்கம் கடித்துத் துப்பியது போல நைந்திருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அந்த இடத்திலேயே ஒழுகத் தொடங்கியிருக்கும் என்றார்.

"ஆயிலை அடைப்பது ரப்பர் தம்பி, நம் கைப்பலம் இல்லை. படகில் கீழே இறங்கினால் எனக்கும் ஸ்பேனர் நுழையாது. ரப்பர் என்ஜினைத் தொட்டதும் முக்கால் சுற்று, அவ்வளவுதான்."

அந்த முக்கால் சுற்றை நான் அதுவரை ஃபில்டர் பெட்டியில் படமாகப் பார்த்திருக்கிறேன், நம்பியதில்லை. ஏன் முக்கால் என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். என் வண்டி ஃபில்டரின் மரை 20 மில்லிமீட்டர் விட்டம், வரிக்கு வரி ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு முழுச் சுற்றுக்கு ஃபில்டர் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே போகும், முக்கால் சுற்றுக்கு 1.1 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது ரப்பர் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் அமுங்கும். அமுங்கிய ரப்பர் திரும்பி எழும்ப முயலும் விசைதான் ஆயிலை அடைத்து நிற்கிறது. அதற்கு மேல் அமுக்கினால் ரப்பருக்கு எழும்பும் சக்தியே போய்விடும், தகரத் தட்டும் வளையும். குறைவாக அமுக்கினால் என்ஜினின் அதிர்வில் தளரும்.

கையேட்டில் முடுக்கும் விசை 20 நியூட்டன் மீட்டர் என்றும் போட்டிருக்கிறான். அந்த விசை வந்ததும் சொடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பெருமைப்படுவார்கள். எனக்கு அந்த எண் மீது பெரிய மரியாதை இல்லை. உலர்ந்த ரப்பர் முகப்பைக் கவ்விப் பிடித்து முறுகும். ரெஞ்ச் "போதும்" என்று சொடுக்கும், ஆனால் ரப்பர் பாதிதான் அமுங்கியிருக்கும். சுற்றுக் கணக்கு அப்படி ஏமாற்றாது. ரெஞ்ச் அளப்பது உராய்வையும் சேர்த்து, சுற்று அளப்பது தூரத்தை. தவிர, என் வண்டியில் ரெஞ்ச் நுழையவே நுழையாது என்பதால் இந்த விவாதத்தில் நான் நடுநிலையாளன் அல்ல.

இப்போது ஆயில் மாற்றுவது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் ஆயிலை இறக்குகிறேன். ஆயில் சேம்பர் நட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். புகைபோக்கியின் மேல் அலுமினியத் தாளை மடித்துச் சரிவாக வைத்தால் ஆயில் தட்டில் விழுகிறது; வடைச் சட்டி நாற்றம் முக்கால்வாசி ஒழிந்தது. பழைய ஃபில்டர் வெளியே வந்ததும் முதலில் பார்ப்பது அதில் ரப்பர் இருக்கிறதா என்றுதான். பரமக்குடி கற்றுக் கொடுத்த பாடம். இருந்தாலும் பனியன் வேஸ்ட்டால் முகப்பைத் துடைத்து, விரலால் ஒரு வட்டம் தடவிப் பார்க்கிறேன். கண் பார்க்காததை விரல் சொல்லும். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவியதும், மரை குறுக்கே ஏறாமல் விரல் நுனியால் சுற்றத் தொடங்குகிறேன்.

கடினமானது, ரப்பர் முகப்பைத் தொடும் அந்தக் கணத்தைப் பிடிப்பது. அதுவரை லேசாகச் சுற்றியது சட்டென்று மந்தமாகும். அதற்கு முன்பே எண்ணத் தொடங்கினால் தளர்வு, பின்னால் தொடங்கினால் அதிக இறுக்கம். என் வண்டி ஃபில்டரில் சுற்றிலும் 1, 2, 3, 4 என்று எண் அச்சிட்டிருக்கிறார்கள், அந்தப் புண்ணியவான்களுக்கு நன்றி. தொட்ட கணத்தில் எந்த எண் எனக்கு நேராக இருக்கிறதோ, அங்கிருந்து மூன்று எண் தள்ளி நிறுத்தினால் முக்கால் சுற்று. ஆயில் கையோடு தகரம் வழுக்கும். அதற்கு உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கத்தை ஃபில்டர் மேல் சுற்றிப் பிடிப்பது என் கண்டுபிடிப்பு. மணிக்கட்டு அந்தச் சந்தில் கால் சுற்றுக்கு மேல் திரும்பாது என்பதால் மூன்று முறை பிடியை மாற்ற வேண்டும். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு வசவு.

பிறகு கிளப்பி ஒரு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, அணைத்து, அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பது. மறுநாள் காலை வாசலில் அட்டை விரித்துச் சொட்டு இருக்கிறதா என்று தேடுவதும் உண்டு. இதுவரை ஏழு முறை மாற்றிவிட்டேன், அட்டை ஏழு முறையும் காய்ந்தே இருந்தது. கழற்றும்போது மட்டும், கையால் முடுக்கியது எப்படி இவ்வளவு இறுகியது என்று வியப்பாக இருக்கும். சூடும் குளிரும் மாறி மாறி ரப்பர் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் கழற்ற ஸ்பேனர் தேவைப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு மாட்டவும் ஸ்பேனர் தேவை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள் போலும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வாங்க வேண்டாம். இரண்டு லட்சம் அல்ல, நான்கு லட்சம் இறங்கினாலும் வேண்டாம். ஒவ்வொரு ஃபில்டருக்கும் யாராவது ஒருவர் ஸ்பேனரோடு காத்திருப்பார். நீங்கள் அவர் பக்கத்தில் நிற்க மாட்டீர்கள், உங்களுக்குப் பொறுமை கிடையாது. ராமநாதபுரத்தில் அந்த விலைக்கு நிம்மதியான வண்டிகள் நிறைய இருக்கின்றன, ஃபில்டர் மேலே கைக்கு எட்டும் இடத்தில்.

இதைப் படித்ததும், "அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடு, நீ எல்லாம் சரியாகச் செய்து வைத்திருப்பாயே" என்று கேட்பார். கொடுப்பதாக இல்லை. நேற்றுதான் ஆயில் மாற்றினேன். புது ஃபில்டரின் அடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: 82,140. தொட்டது 2ல், நின்றது 1ல்.