டெக்குக்கு எதைப் பூசலாம்? செமி டிரான்ஸ்பரன்ட் ஸ்டெயினும் அதன் போட்டியாளர்களும்

டொராண்டோ பக்கம் ஏப்ரல் கடைசியில் பனி முழுசாக வடிந்ததும், வீட்டுக்குப் பின்னால் பலகை பாவிக் கட்டிய திறந்தவெளித் தளமான மர டெக் தன் நிலைமையைக் காட்டிவிடும். சாம்பல் பூத்த பலகைகள், நிழல் பக்கம் பாசி, படியோரத்தில் பொருக்குத் தட்டி நிற்கும் பழைய பூச்சு. கடைக்குப் போனால் ஒரு வரிசை முழுக்க டப்பாக்கள்: கிளியர் சீலர், அப்புறம் ஸ்டெயின் என்கிற மர நிறப்பூச்சில் செமி டிரான்ஸ்பரன்ட், செமி சாலிட், சாலிட். எத்தனை வருடம் தாங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலரும் எடுக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. அந்தப் பூச்சு கெடும்போது எப்படிக் கெடும்? மங்கிப் போகுமா, உரிந்து வருமா? பின்னால் வரப்போகிற செலவையும் முதுகுவலியையும் தீர்மானிப்பது அதுதான்.

வெளியில் கிடக்கும் மரத்துக்கு எதிரி இரண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர், மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, மேலே சாம்பல் நிற நார் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாவது ஈரம். மழையில் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும். சுவர்ப் பலகையில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். டெக் பலகை படுத்துக் கிடப்பதால் தண்ணீரும் பனியும் மேலேயே தங்கும். போதாததற்கு, பலகையின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் பூச்சே இருக்காது. தரையிலிருந்து எழும் ஈரம் அந்த வழியாக ஏறி, மேல்பக்கமாக வெளியேறப் பார்க்கும். மேலே இறுக்கமான படலம் இருந்தால் ஈரம் அதைத் தள்ளிக் கிளப்பும்.

கிளியர் சீலரில் நிறமி கிடையாது. தண்ணீரை ஒதுக்கும், வெயிலை விட்டுவிடும். மரத்தின் புது நிறம் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இதை வாங்குகிறவர்களுக்கு ஒரு கோடை போனதும் ஏமாற்றம்தான். உரியாது என்பது நல்ல குணம். வருடா வருடம் பூசச் சலிக்காதவர்களுக்கும், சாம்பல் நிறத்தையே விரும்புகிறவர்களுக்கும் இது போதும்.

சாலிட் ஸ்டெயின் அதற்கு நேர் எதிர். நிறமி நிறைய இருப்பதால் வெயிலை நன்றாக மறைக்கும். மரத்தின் ரேகையையும் மறைக்கும். பெயர் ஸ்டெயின் என்றாலும் மரத்தின்மேல் ஒரு படலமாகப் படிவதால், நடத்தையில் பெயின்டுக்கு அண்ணன் தம்பி. வேலிக்கும் கொட்டகைச் சுவருக்கும் அருமையான பொருள். நடக்கிற தரையில்தான் சிக்கல். நாற்காலி இழுக்கும் இடம், கதவிலிருந்து படிக்குப் போகும் தடம், பனி வாரும் மண்வெட்டி உரசும் இடம் என்று முதலில் தேய்ந்து, அந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் அடியில் புகுந்து, பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். உரிந்த இடத்தில் மட்டும் பூசினால் ஒட்டுப்போட்டது அப்படியே தெரியும். மொத்தத்தையும் எடுக்க வேண்டுமென்றால் காரமான ஸ்ட்ரிப்பர், சுரண்டல், உப்புத்தாள். பலகை இடுக்குகளிலும் கைப்பிடிக் கம்புகளுக்கு நடுவிலும் அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பாடு என்று. நாங்கள் வாங்கிய வீட்டிலும் முன்பிருந்தவர் தரைக்குச் சாலிட் அடித்திருந்தார். அதை முழுக்க எடுக்கக் கோடையின் பெரும்பகுதி போனது. ஒரு விதிவிலக்கு உண்டு: பழைய பலகையும் புதுப்பலகையும் கலந்து, இன்னும் கொஞ்ச காலம்தான் ஓடும் என்ற நிலையில் இருக்கும் டெக்குக்குச் சாலிட் பூசுவதில் தப்பில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது செமி டிரான்ஸ்பரன்ட். ரேகை தெரியும், நிறமும் இருக்கும். அந்த நிறமி பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. வெயிலைத் தடுப்பது அதுதான். இதில் எண்ணெய் வகை மரத்துக்குள் இறங்கிவிடுவதால் மேலே உரிய ஒன்றும் இருக்காது. நாளாக நாளாக வெளுக்கும், அவ்வளவுதான். கழுவிவிட்டு மேலேயே மறுபடி பூசலாம். அமெரிக்க வனத்துறைக்கு விஸ்கான்சினின் மேடிசன் நகரில் மர ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது, 1910இல் தொடங்கியது. 1950களிலேயே ஆளி விதை எண்ணெயை வைத்து இப்படி ஊறும் பூச்சு ஒன்றை உருவாக்கியவர்கள் அவர்கள். டெக்குக்கு அவர்கள் சொல்லிவருவதும் மரத்துக்குள் ஊறும் செமி டிரான்ஸ்பரன்ட் வகையைத்தான். ஆயுள் சாலிட்டை விடக் குறைவு, தரையில் சுமார் 2, 3 வருடம். அந்தக் குறை எனக்கு உறுத்தவில்லை. மறுபூச்சு ஒரு வார இறுதி வேலையாக முடிந்துவிடுகிறதே.

ஊரில் தேக்கு வாசற்கதவுக்கு வார்னிஷ் அடித்து, மேற்கு வெயில் படும் பாதி மட்டும் செதில் செதிலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இதே கதைதான். தெளிவான படலம் வழியாக வெயில் உள்ளே போய், அடியில் இருக்கும் மரத்தின் மேல்பரப்பைக் கெடுக்கிறது. பிடிமானம் போனதும் படலம் கழன்றுவிடுகிறது.

செமி டிரான்ஸ்பரன்ட் என்று முடிவு செய்த பிறகும் எண்ணெய் வகையா, தண்ணீர் வகையா என்ற கேள்வி இருக்கிறது. தண்ணீர் வகையில் நாற்றம் குறைவு, பிரஷ்ஷைக் குழாயடியிலேயே கழுவிவிடலாம், பூச்சும் பூஞ்சைக்குச் சீக்கிரம் இரையாகாது. ஆனால் மளமளவென்று காய்ந்துவிடும். ஒரு பலகையின் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் இரண்டு பூச்சும் சேரும் இடம் கறுத்த பட்டையாக நிற்கும். அக்ரிலிக் கலந்த பல தயாரிப்புகள் கொஞ்சம் தடித்துவிட்டாலே படலம் கட்டிவிடும். அப்புறம் அதுவும் சாலிட்டைப் போலத்தான் உரியும். எண்ணெய் வகை மெதுவாகக் காயும், ஆழமாக இறங்கும், மறுபூச்சுக்கு இடம் கொடுக்கும். நிழலும் ஈரமுமான இடத்தில் ஆளி விதை எண்ணெய் பூஞ்சைக்குச் சாப்பாடு ஆகிவிடும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். வெயில் நன்றாக விழும் டெக்குக்கு என் ஓட்டு எண்ணெய்க்கே. மரங்கள் கவிந்த கொல்லைப்புறம் என்றால் நல்ல தண்ணீர் வகையை மெல்லிசாகப் பூசச் சொல்வேன். முன்பு பூசியது தண்ணீர் வகை என்றால் அதை எடுக்காமல் மேலே எண்ணெய் வகையைப் போடாதீர்கள், உள்ளே இறங்காது.

எதை வாங்கினாலும், மரத்தைத் தயார்செய்யாவிட்டால் காசு வீண். பாசிக்கும் சாம்பல் பூத்ததற்கும் பலர் குளோரின் பிளீச்சைத்தான் ஊற்றுகிறார்கள். அது நாரையே அரிக்கும். சோடியம் பெர்கார்பனேட் கலந்த கிளீனரால் தேய்த்துக் கழுவி, அப்புறம் ஆக்சாலிக் அமிலம் கலந்த பிரைட்டனர் போட்டால் சாம்பல் நிறம் போய் மரத்தின் நிறம் திரும்பும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மென்மரம் பஞ்சாகிவிடும், அகல முனையை வைத்துத் தள்ளியே பிடியுங்கள். உப்புத்தாள் 60 முதல் 80 நம்பர் வரை போதும். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் ஸ்டெயின் உள்ளே இறங்க வழி இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வட அமெரிக்காவில் 2004க்கு முன் கட்டிய டெக்குகளில் பெரும்பாலும் அழுகலையும் பூச்சியையும் தடுக்கும் சி.சி.ஏ. மருந்து ஏற்றிய பலகைதான் இருக்கும். அதில் ஆர்சனிக் உண்டு. 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், தூசு ஆபத்து. மென்மையாகக் கழுவி, மேலே ஸ்டெயின் பூசி மூடி வைப்பது நல்லது.

கழுவியதும் குறைந்தது இரண்டு நாள் காயட்டும். பலகைமேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் மரம் இன்னும் தயாராகவில்லை, சில நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் பூசலாம். மருந்து ஏற்றிய புதுப்பலகை ஈரமாகவே கடைக்கு வரும் என்பதால் வாரக்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டிவரும். 10 டிகிரிக்கு மேலே, நேர் வெயில் விழாத நேரமாக, அடுத்த ஒரு நாளைக்கு மழை இல்லாத வானமாகப் பார்த்துத் தொடங்குங்கள். இரண்டு மூன்று பலகைகளை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பட்டை விழாது. நிறமி அடியில் தங்கும், கலக்கிக்கொண்டே இருங்கள். அறுத்த முனைகள் அதிகம் குடிக்கும், அங்கே தாராளமாக விடுங்கள். எண்ணெய் வகை என்றால் கால் மணி நேரம் கழித்து, ஊறாமல் பளபளவென்று நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். அதிகமாகப் பூசினால் அதிக நாள் தாங்கும் என்பது பொய்; மிச்சம் பிசுபிசுத்து, பின்னால் உரியும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

பராமரிப்பு என்று வரும்போது டெக்கை ஒரே துண்டாக நினைக்க வேண்டாம். கைப்பிடியும் கம்புகளும் தரையை விட அதிக நாள் தாங்கும். தரையில் தண்ணீர்ச் சொட்டு வேகமாக இறங்கத் தொடங்கினால், நிறம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே கழுவி ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். கைப்பிடியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.