பழைய லைசென்ஸ் கீயை நம்பி மூவாயிரம் போனது: வாங்கவிருப்பவர்கள் கவனிக்கவும்

மென்பொருள் கீ (லைசென்ஸை உறுதிசெய்ய உள்ளிடும் குறியீடு) விற்கும் ஓர் இணையச் சந்தையில் மூவாயிரத்தைப் பறிகொடுத்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், லைசென்ஸ் இல்லாத என் கணினியில் நேராக விண்டோஸ் 11-ஐயே நிறுவத் தீர்மானித்தேன். விண்டோஸ் 7-இன் பழைய கீயைக் கொண்டே 11-ஐ ஆக்டிவேட் செய்யலாம், ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அங்கே ஒருவர் விளம்பரம் செய்திருந்தார்.

கேட்ட மறு நிமிடமே பதில் வந்தது. ஆக்டிவேட் ஆன ஒரு கணினியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "வேலை செய்யாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும், கவலையே வேண்டாம்" என்று அவர் எழுதினார். விண்டோஸ் 7 கீ புதிய பதிப்புகளுக்கும் செல்லும் என்பது ஒருகாலத்தில் உண்மையாகவே இருந்தது. விண்டோஸ் 10-க்கான இலவச மேம்படுத்தல் 2016 ஜூலை 29-இல் முடிந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்த பிறகும் அந்தக் கீகள் பல ஆண்டுகள் ஏற்கப்பட்டன. 2023 செப்டம்பரில்தான் அந்த வழி அடைக்கப்பட்டது. இதையே தொழிலாகச் செய்பவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

இருபத்தைந்து எழுத்துகளையும் சரிபார்த்து உள்ளிட்டும் கீ ஏற்கப்படவில்லை; "ஆக்டிவேட் விண்டோஸ்" என்ற மங்கலான எழுத்துகள் திரையின் வலது கீழ் மூலையில் இன்னும் நிற்கின்றன. இணைய இணைப்பைப் பாருங்கள் என்றார் விற்றவர். பிறகு சர்வரில் பராமரிப்பு நடக்கிறது என்றார். கடைசியில், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஒரு சிறு கோப்பை இயக்கச் சொன்னார். மூவாயிரம் வாங்கியவர் லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் திருட்டு மென்பொருளை என் தலையில் கட்டப் பார்க்கிறார்! மறுத்துப் பணத்தைக் கேட்டதும் பதிலே நின்றுபோனது. சந்தையின் உதவிப் பிரிவோ, டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது, விற்பனையாளரிடமே பேசுங்கள் என்று கூறி உரையாடலை மூடிவிட்டது. மூவாயிரமும் போனது, கேட்பாரும் இல்லை.

விண்டோஸ் 7, 8 கீயால் 11 ஆக்டிவேட் ஆகும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். முறையான லைசென்ஸுடன் விண்டோஸ் 10 ஓடும் கணினி, 11-க்கான வன்பொருள் தகுதியும் பெற்றிருந்தால், மேம்படுத்தல் இலவசம். கீ வாங்கவே தேவையில்லை. ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அத்துடன் பேச்சை நிறுத்துங்கள். பணம் செலுத்துவதற்கு முன்பே விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். நான் புகார் அளித்த பிறகு, "முழுப் பணமும் திரும்ப" என்ற வரி அந்த விளம்பரத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.