ஏஜென்ட் படிக்கும் ஆவணம்: மதிப்பெண் போடுவதா, வேலை கொடுத்துப் பார்ப்பதா?

ஏஐ ஏஜென்ட்கள் (தாமே கருவிகளை இயக்கி வேலையை முடிக்கும் மொழி மாடல்கள்) பயன்படுத்தும் கருவிகளுக்கு ஆவணம் எழுதுவதும், எழுதியது தேறுமா என்று பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. தேறுமா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு. சரிபார்ப்புப் பட்டியல் வைத்து மதிப்பெண் போடலாம். ஆவணத்தில் உள்ள உதாரணங்களைத் தானாக ஓட்டிப் பார்க்கலாம். அல்லது ஓர் ஏஜென்ட்டிடம் ஆவணத்தையும் ஒரு வேலையையும் கொடுத்து, வேலை முடிகிறதா என்று பார்க்கலாம். நான் இப்போது மூன்றாவதைத்தான் நம்புகிறேன். மற்ற இரண்டையும் விட்டுவிடவில்லை, ஆனால் அவை சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

பட்டியல் வழி மலிவு, வேகம். ஒவ்வொரு பாராமீட்டருக்கும், அதாவது கருவிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும், விளக்கம் உண்டா, எது கட்டாயம், பிழை வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டு, ஒரு மாடலையே மதிப்பெண் போடச் சொல்லலாம். ஓப்பன்ஏபிஐ ஸ்பெக் (ஒரு புரோகிராமை இன்னொன்று அழைக்கும் வழியான ஏபிஐயை ஒரே வடிவில் விவரிக்கும் கோப்பு) இருந்தால், விதிப்படி எழுதியிருக்கிறதா என்று தானாகப் பார்க்கும் லின்டரே பாதி வேலையை முடித்துவிடும். புதிய ஆவணத்தின் பளிச்சென்ற ஓட்டைகளை அடைக்க இது போதும்.

உதாரணங்களை ஓட்டுவது பழைய, நல்ல பழக்கம். பைத்தான் மொழியில் இதற்கான டாக்டெஸ்ட் வசதி 2001 முதல் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் ‘கார்கோ டெஸ்ட்’ என்ற கட்டளை கொடுத்தால், ஆவணக் குறிப்புகளுக்குள் இருக்கும் உதாரண நிரலும் சேர்ந்தே ஓடும்.

சரி, பிறகு ஏன் மூன்றாவது? பராமரிப்புதான் காரணம். ஆவணம் எழுதிய அன்று பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கருவி மாறும்போது ஆவணம் பின்தங்கிவிடுகிறது. அதை எந்த வழி கண்டுபிடித்துச் சொல்கிறது என்பதுதான் என் கேள்வி.

பில் பட்டியல் தரும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ‘வாடிக்கையாளரின் எல்லா பில்களையும் தரும்’ என்று விளக்கம். எழுதியபோது அது உண்மை. பிறகு சர்வர் சுமையைக் குறைக்க, ஒரு முறைக்கு 100 பில்தான் என்று மாற்றி, பதிலின் கடைசியில் அடுத்த பக்கத்தைக் கேட்க உதவும் குறியீடு (கர்சர்) ஒன்றைச் சேர்க்கிறார்கள். விளக்கத்தை யாரும் தொடவில்லை. பட்டியல் வழியில் அதே முழு மதிப்பெண் வரும், ஏனென்றால் வாக்கியம் தெளிவாகத்தானே இருக்கிறது. உதாரணமும் ஓடிவிடும், சோதனைக் கணக்கில் இருப்பதே நாலைந்து பில்தான். ஆனால் 240 பில் உள்ள கணக்கைக் கொடுத்து, ‘இதில் பாக்கி எவ்வளவு, கூட்டிச் சொல்’ என்று ஏஜென்ட்டிடம் கேட்டால், அது முதல் நூறை மட்டும் கூட்டிவிட்டு உறுதியான குரலில் தப்பான தொகையைச் சொல்லும். ‘எல்லா’ என்று ஆவணமே சொன்ன பிறகு அது ஏன் கர்சரைத் தேடப்போகிறது?

மனிதர் படிக்கும் ஆவணத்தில் இந்த ஆபத்து குறைவு. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம், பழைய புகார் டிக்கெட்டைத் துழாவுவோம். ஏஜென்ட்டைக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபி வழியாக வரும் ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வகையில் என்ற வரையறை), அவ்வளவுதான். அந்த நாலு வரியில் ஒரு சொல் பொய்யானால் அந்தப் பொய்யின் மேலேயே வேலை நடக்கும்.

அதனால் சிறிய வேலைத் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, கருவியின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓட்டுகிறேன். ‘முடித்துவிட்டேன்’ என்று ஏஜென்ட் சொல்வதைக் கணக்கில் எடுப்பதில்லை. பதிலாகத் தொகை வர வேண்டிய இடத்தில் தொகையையும், எதையாவது மாற்ற வேண்டிய வேலையில் டேட்டாபேஸ் கடைசியில் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்கிறேன். 2024-இல் வந்த டௌ-பெஞ்ச் என்ற ஏஜென்ட் சோதனைத் தொகுப்பும் இப்படி இறுதி நிலையை ஒப்பிடுகிற வகைதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிரபலமான கருவி என்றால், மாடல் அதைப் பயிற்சியிலேயே கற்றிருக்கும். ஆவணம் மோசமாக இருந்தாலும் வேலை முடிந்துவிடும், நாமும் ஆவணத்துக்குச் சபாஷ் போட்டுவிடுவோம். இதற்கு ஒரே மருந்து, ஆவணமே கொடுக்காமலும் ஒரு சுற்று ஓட்டுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆவணத்தின் பங்கு.

சில சமயம் பழைய நினைவு ஆவணத்தோடு மல்லுக்கும் நிற்கும். தரவைச் சரிபார்க்கும் பைத்தான் லைப்ரரியான பைடான்டிக் 2023-இல் 2-ஆம் பதிப்புக்கு வந்தபோது, தரவை டிக்ஷனரியாக மாற்றித் தரும் ‘டிக்ட்’ மெத்தட் ஓரங்கட்டப்பட்டு ‘மாடல்_டம்ப்’ வந்தது. பழையது எச்சரிக்கையோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் புதியதை மட்டும் விளக்கும் ஆவணம் போதாது, ‘பழையதைப் பயன்படுத்தாதே’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இறுதி விடை சரியாக வந்துவிடும் என்பதால், ஏஜென்ட் எந்தெந்த அழைப்பைச் செய்தது என்ற லாகைப் படித்தால்தான் இது கண்ணில் படும்.

செலவும் உண்டு. மாடல் பயன்பாட்டைக் கணக்கிடும் சொல்துண்டுகளான டோக்கன் கரையும். ஒரே வேலை ஒரு முறை தேறும், அடுத்த முறை தவறும், அதனால் ஒவ்வொன்றையும் பல தடவை ஓட்ட வேண்டும். தவறு ஆவணத்திலா மாடலிலா என்று பிரிப்பதுதான் பெரிய தலைவலி. மாடலையும் வேலையையும் அப்படியே வைத்துக்கொண்டு சந்தேகப்படும் வாக்கியத்தை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுவேன். தேறும் விகிதம் தெளிவாக உயர்ந்தால் குற்றவாளி ஆவணம். உயராவிட்டால் ஆவணத்துக்குத் தப்பில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நான் தவறான வரியைத் திருத்தியிருக்கலாம்.

நான் சொல்வதெல்லாம் ஏபிஐ, எம்சிபி வகைக் கருவிகளில் பார்த்தது. கட்டளைவரிக் கருவிகளில் என் அனுபவம் கொஞ்சம்தான். அங்கே ஏஜென்ட் ‘--ஹெல்ப்’ போட்டுத் தானே விசாரித்துக்கொள்ள முடியும் என்பதால் கணக்கு வேறாக இருக்கலாம். கருவி ஒன்றிரண்டுதான், எப்போதாவதுதான் மாறும் என்றால் பட்டியலும் டாக்டெஸ்ட் போன்ற ஒன்றும் போதும். மாதம் ஒரு வெளியீடு என்று ஓடும் இடமாக இருந்தால், பக்கம் பிரித்தல், தேதி வடிவம், நீக்குதல் இந்த மூன்றையும் தொடும் வேலைகளில் தொடங்குங்கள். நான் பார்த்தவரை ஆவணம் முதலில் பொய்யாவது அங்கேதான்.